கவ்வாத காற்று

"உனக்கு எப்படி இருந்தா நல்லா இருக்கும்?"

கேட்டவர் கணவர். துவைத்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் கேட்டார். பஞ்சு கையிலிருந்த சட்டையின் காலரைத் தட்டி நேராக்கி, அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். விருந்துக்குப் போன இடத்தில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது அது. அவர் "சரி" என்றார். எழுந்து தன் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

சண்டை போட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிறகு சரியாகியிருக்கும். அவரோ மறுநாளிலிருந்து ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார். குளியலறைக் கதவைத் தட்டிவிட்டு வந்தார். அவள் தண்ணீர் கொடுத்தால் நன்றி சொன்னார். அந்த நன்றியைத்தான் பஞ்சுவால் தாங்க முடியவில்லை.

எதைப் பற்றிய கேள்வி என்பதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்தே, இருவரும் நெருங்கிப் படுக்கிற நேரங்களில் பஞ்சு பாதியிலேயே வேறெங்கோ போய்விடுவாள். உடம்பு அங்கே கிடக்கும். மனசு மறுநாள் வெட்ட வேண்டிய கண்ணாடியின் அளவுகளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அவர் முரடர் இல்லை, சுயநலக்காரரும் இல்லை. முடிந்ததும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்கிறவர். "ம்" என்பாள். அந்த "ம்" பொய் என்று அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டிருக்கிறது. மகள் வெளியூருக்குப் படிக்கப் போய், வீட்டில் இருவர் மட்டும் என்று ஆனபிறகு, அந்தப் பொய்க்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் போயிற்று.

அவர் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பகலில் ரொட்டிகளைக் கட்டி வண்டியில் ஏற்றுகிற பகுதி. தலையணை முன்னறைக்குப் போன சில நாளில், சாப்பிட்டுக்கொண்டே, தலை நிமிராமல் ஒரு சேதி சொன்னார். இரவில் அடுப்புக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டுமாம். மேற்பார்வையாளர் இவரைக் கேட்டிருக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"போகட்டுமா?" என்றார். "ராத்திரி நான் வீட்ல இருக்கிறதும் இல்லாததும் உனக்கு ஒண்ணுதானே."

குரலில் குத்தல் இல்லை. மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டார். அவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று பஞ்சுவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் எழுந்திருக்கும்போது அவர் வந்து படுப்பார். அவர் எழுந்திருக்கும்போது அவள் பட்டறையில் இருப்பாள். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். யாரும் யாரையும் விட்டுப் போகாமலே எல்லாம் முடிந்துபோகும். தடுக்க வேண்டுமென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலோ அவளிடம் இல்லை.

பஞ்சு என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கண்ணாடிப் பட்டறையில் ஒட்டிக்கொண்டது. எத்தனை பெரிய கண்ணாடியானாலும் அவள் மேஜையில் இறக்கினால் சத்தம் வராது என்பதால் முதலாளி அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார், எல்லோருக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. இளவயதில் வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். கம்பளி விரித்த மேஜை, கட்டர் ஓடும்போது வருகிற சன்னமான கீச்சு, கோட்டின் மேல் விரலால் தட்டியதும் சொன்னபடி பிரிகிற கண்ணாடி, வெட்டிய விளிம்பில் தெரிகிற அந்தக் குளத்துப் பச்சை, இதெல்லாம் அவளுக்கு மூச்சு மாதிரி.

பெரிய கண்ணாடிகளைத் தூக்க அங்கே ரப்பர் கப்பு உண்டு. கைப்பிடி வைத்த கறுப்பு வட்டம். கண்ணாடியில் வைத்து அழுத்தி விசையை மடக்கினால் உள்ளே இருக்கிற காற்று போய், அட்டைப்பூச்சி மாதிரி கவ்விக்கொள்ளும். காலையில் வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கப்பையும் சோதித்துப் பார்ப்பது பஞ்சுவின் பொறுப்பு. விளிம்பை ஈரத்துணியால் துடைப்பாள், பலம் கொண்ட மட்டும் அழுத்துவாள், பிறகு காலை ஊன்றி இழுத்துப் பார்ப்பாள். கவ்வினால் நல்ல கப்பு. கழன்று வந்தால் பழுது, மூலையில் போட வேண்டியதுதான். பழுதான கப்பை நம்பினவர்களுக்குப் பாதத்தில் தழும்பு இருக்கும்.

யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல இருந்தபோது அவளுக்கு நினைவுக்கு வந்தவள் ஓரகத்தி, கணவருடைய தம்பியின் மனைவி. பெண்கள் மருத்துவமனையில் நர்ஸ். வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரிது. அடுத்த தெருவில்தான் வீடு. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் பஞ்சு கொடியின் மறுபக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் ஒரு ஈரப் போர்வை தொங்கியது வசதியாக இருந்தது. முகம் தெரியாமல் பேசலாம்.

ஓரகத்தி சிரிக்கவில்லை. கடைசிக் கிளிப்பைப் போட்டுவிட்டுப் போர்வையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏன்க்கா, முதுகுல எந்த இடத்துல சொறியணும்னு உனக்கே தெரியல. மாமா என்ன ஜோசியரா, அவரா கண்டுபிடிக்க?"

"அதான் என்ன பண்றதுன்னு கேக்கறேன்."

"முதல்ல நீ தேடு. தனியா, நிதானமா. கிடைச்சப்புறம் அவருக்கு வழி சொல்லு."

தேடுவதற்கு ஒரு துணை இருக்கிறது என்றும் சொன்னாள். பெண்களின் சுகத்துக்கென்றே செய்த சின்ன மெஷின், காற்றால் வேலை செய்கிறது, எங்கள் டாக்டரம்மாவே சிலருக்குச் சொல்லிவிடுவார், கூச்சப்பட ஒன்றுமில்லை. பஞ்சு காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் விரல்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தாள்.

பொட்டலம் ஓரகத்தியின் மருத்துவமனை முகவரிக்கு வந்தது. துவாலைக்குள் சுருட்டி, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று பஞ்சு கேட்டாள்.

"முகத்துக்குத் தேய்க்கிறதுன்னு சொல்லு. எப்படியும் முகம் பளபளன்னு ஆகப்போகுது."

பட்டறைக்கு விடுமுறை நாள் வந்தது. கணவர் வேலைக்குப் போனபிறகு பஞ்சு வாசல் கதவைத் தாழிட்டாள், தாழைத் தொட்டுப் பார்த்தாள், படுக்கையறைக் கதவையும் சாத்தினாள். பெட்டிக்குள் இருந்தது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பொருள். கரைந்த சோப்புக்கட்டி மாதிரி வழுவழுப்பு. ஒரு முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் குழி, அதைச் சுற்றி மெத்தென்ற ரப்பர் விளிம்பு. உள்ளே படம் போட்ட ஒரு சின்னத் தாளும் இருந்தது. அதை அவள் பிரிக்கவில்லை. ரப்பர் விளிம்பு, காற்றை இழுக்கிற குழி. இது என்ன பெரிய வித்தை, கப்புதானே? ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்தாள். பொத்தானை அமுக்கியதும் தேனீ ஒன்று பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரிச் சத்தம் வந்தது. முதலில் சோதனை. ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். தொப்பென்று மெத்தையில் விழுந்தது. அலமாரியின் இரும்புக் கதவில் வைத்தாள். விழுந்தது. வேகத்தைக் கூட்டி வைத்தாள். அப்போதும் விழுந்தது. புறங்கையில் வைத்து இழுத்துப் பார்த்தாள். ஒரு பிடிமானமும் இல்லை, சும்மா வந்துவிட்டது.

பட்டறையாக இருந்தால் அப்போதே மூலையில் போட்டிருப்பாள். ஓரகத்தி ஆசையாக வாங்கிக் கொடுத்தது என்பதால் மட்டும் இன்னொரு தடவை பார்த்தாள். படுத்துக்கொண்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, உச்ச வேகத்தில் வைத்து, கண்ணாடியில் அழுத்துகிற அழுத்து அழுத்தினாள். சத்தம் உள்ளடங்கிப் போயிற்று. முதலில் சுரீரென்றது, பிறகு மரத்துப்போனது. வேறொன்றும் இல்லை. தேனீயின் வாயை மூடிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கப்பு பழுதா, இல்லை கண்ணாடியே பழுதா? இரண்டாவது சந்தேகம் வந்ததும் கண் கலங்கியது.

அன்று மாலை கணவர் மறுபடி கேட்டார், மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிடட்டுமா என்று. "கொஞ்சம் பொறுங்களேன்" என்றாள்.  செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார்.

மறுநாள் ஓரகத்தி பட்டறைக்கே வந்தாள், குளியலறைக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று ஒரு சாக்கு. அளவு எடுக்கிற மாதிரிக் குனிந்துகொண்டே என்ன ஆச்சு என்று கேட்டாள். பஞ்சு பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"கவ்வவே இல்ல. திருப்பி அனுப்பிடு."

அந்தப் பக்கம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்கு அது கேட்டுவிட்டது. "கவ்வலைன்னா ரப்பர் காஞ்சிருக்கும் பஞ்சு. வெந்நீர்ல போட்டு எடு" என்றார். ஓரகத்தி கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் போய் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பஞ்சு நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அடுக்கி வைத்த கண்ணாடிகளுக்குள் ஏழெட்டு ஓரகத்திகள் குலுங்கினார்கள்.

பிறகு வாசல்வரை கூட்டிப்போய், எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லச் சொன்னாள். ஜன்னலில் ஒட்டிப் பார்த்ததைக் கேட்டதும் அவளால் முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினாள்.

"அது கவ்வுறதுக்கு இல்லக்கா. மூச்சு மாதிரி. கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் விடும். நீ அமுக்கினா அதுக்கு மூச்சு முட்டும், உனக்கு மரத்துப் போகும். பட்டும் படாமப் பக்கத்துல வை. ரொம்பக் கம்மியில."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நீ எதையும் தூக்கப் போறதில்ல."

பஞ்சு அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மேஜைக்குத் திரும்பினாள். எதையும் தூக்கப் போவதில்லை. அவளுக்கு யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

மாதக் கடைசிக்கு முந்தின நாள், பட்டறையில் மின்சாரம் போய்விட்டது. தெருக்கோடியில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள், சாயங்காலத்துக்கு முன் வராது என்றார்கள். முதலாளி மதியமே எல்லோரையும் அனுப்பிவிட்டார். பஞ்சு வீட்டுக்கு வந்து குளித்தாள். ஈரத் தலையோடு படுக்கையறை ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். திரை வெளுத்துப்போன மஞ்சள். வெயில் அதன் வழியாக வந்தபோது அறை முழுக்கத் தேனுக்குள் வைத்த மாதிரி இருந்தது. எங்கோ ஒரு வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் சைக்கிள் ஒன்று மணியடிக்காமல் போயிற்று.

இந்தத் தடவை அவள் எதையும் சோதிக்கவில்லை. கம்மியான வேகத்தில் வைத்து, முதலில் கன்னத்துக்கு அருகே கொண்டுபோனாள். தூங்குகிற குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டால் கழுத்தில் படுமே, அந்த மாதிரி ஒரு மூச்சு. இழுத்தது, விட்டது. உதட்டில் வைத்தாள். கூச்சமாக இருந்தது, சிரிப்பு வந்தது. யாரும் இல்லாத அறையில் சிரிப்பது வேடிக்கையாக இருந்தது.

பிறகு அந்த மூச்சைக் கீழே போக விட்டாள். அழுத்தவில்லை. கட்டை விரல் பழக்கதோஷத்தில் அழுத்தப் போனபோதெல்லாம் தளர்த்திக்கொண்டாள். நேராக வைத்தால் தாங்க முடியவில்லை என்று தெரிந்தது. சற்றுத் தள்ளி, ஓரமாக வைத்தபோது உடம்பு 'ஆங், இங்கேதான்' என்றது. இத்தனை வருஷமாக அது பேசாமல் இருந்ததா, இல்லை அவள்தான் கேட்காமல் இருந்தாளா, தெரியவில்லை.

மனசு வழக்கம்போலக் கிளம்பத்தான் பார்த்தது. நாளைக்கு ஒரு கடைக்கு முகப்புக் கண்ணாடி வெட்ட வேண்டும், அளவு என்ன என்று யோசிக்கத் தொடங்கியது. ஆனால் நினைவில் வந்த கண்ணாடி மேஜையில் இல்லை. காற்றில் மிதந்தது. யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை, ஒரு கப்பும் கவ்வியிருக்கவில்லை. அகலமான ஒரு கண்ணாடி, விளிம்பெல்லாம் பச்சையாக, தண்ணீரில் இலை போகிற மாதிரி மெல்லத் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதன் மேல் படுத்திருந்தாள். கீழே தெருக்கள் போயின. பட்டறையின் தகரக் கூரை போனது. தொழிற்சாலையின் புகைபோக்கி போனது, சூடான ரொட்டி வாசனை ஏறி வந்தது. விழுந்துவிடுவோமோ என்று ஒரு பயம் வந்தது. விழுந்தால் விழட்டும் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில் எங்கிருந்தோ ஓர் அலை எழுந்து, பாதத்திலிருந்து உச்சந்தலைவரை நிதானமாக நனைத்துக்கொண்டு போயிற்று. இன்னும் ஒன்று. இன்னும் சின்னதாக ஒன்று.

கண்ணைத் திறந்தபோது திரை அதே மஞ்சளில் இருந்தது. குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. காதோரம் ஈரமாக இருந்தது. ஈரத் தலையா கண்ணீரா என்று அவள் ஆராயவில்லை. வேறெங்கும் போகாமல், முதல்முறையாக, அவள் தன் உடம்புக்குள்ளேயே இருந்தாள். 'இவ்வளவுதானா' என்று நினைத்தாள். 'இவ்வளவா' என்றும் நினைத்தாள். அப்படியே கொஞ்சம் தூங்கிப்போனாள்.

கிடைத்துவிட்டது என்பது ஒரு பாதி. சொல்ல வேண்டுமே. கணவர் வருகிறவரை பஞ்சு அறையைப் பெருக்கினாள், பெருக்கிய அறையையே மறுபடி பெருக்கினாள். பேசாமல் அவருக்குத் தெரியாமலே வைத்துக்கொண்டால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. தனக்கு ஒரு வழி கிடைத்தாயிற்று, அவர் பாட்டுக்கு இரவு வேலைக்குப் போகட்டும், யாருக்கும் கஷ்டம் இல்லை. அந்த நினைப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. மிதந்துகொண்டிருந்தபோது ரொட்டி வாசனை வந்தது ஏன் என்று யோசித்தாள்.

அவர் வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் எதிரே உட்கார்ந்தாள்.

"ராத்திரி வேலை வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏன்?"

"நீங்க அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க. அதுக்குப் பதில் இருக்கு."

சொல்லத் தொடங்கினாள். நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள். இத்தனை காலம் "ம்" என்றது பொய்தான் என்றாள். ஓரகத்தியிடம் போனதையும், ஜன்னலில் ஒட்டிப் பார்த்து ஏமாந்ததையும், இன்று மதியம் நடந்ததையும் சொன்னாள். எங்கே, எவ்வளவு மெதுவாக, நேராக இல்லாமல் எப்படித் தள்ளி என்பதையும், காது சூடாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். உள்ளே போய் அதை எடுத்துவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"இத்தனை வருஷம் நான் பக்கத்துல இருந்தேன். கடைசியில ஒரு மெஷின்கிட்ட தோத்துட்டேன்."

"எனக்கே தெரியாததை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? இப்பதான் எனக்குத் தெரியும். தெரிஞ்சதும் உங்ககிட்டதான் வந்து நிக்கறேன்."

"ஜன்னல்ல ஒட்டிப் பார்த்தியா?" என்றார் கொஞ்சம் கழித்து.

"அலமாரியிலயும்."

அவருடைய மீசை ஓரம் துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்போது அவருக்குக் கண் நிறைந்திருந்தது. அதை மறைக்கக் குனிந்தவர், மெஷினைக் கையில் எடுத்தார். அவள் பொத்தானைக் காட்டினாள். ரொட்டிக் கட்டுகளைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தன் உள்ளங்கையில் அதை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை போலும். அழுத்தினார்.

"அமுக்காதீங்க" என்றாள். அவர் கையைப் பற்றி, மணிக்கட்டின் உட்பக்கம், நரம்பு தெரிகிற இடத்தில், பட்டும் படாமல் வைத்தாள்.

அவர் மூச்சை நிறுத்திக் கவனித்தார்.

"இவ்வளவு லேசாவா?"

"ஆமா. இவ்வளவு லேசா."

"நான் என்னமோ அழுத்தினாத்தான் தெரியும்னு இருந்தேன்" என்றார். மெஷினை அவளிடம் பத்திரமாகக் கொடுத்தார். எழுந்து வாசலுக்குப் போய் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த பஞ்சுவுக்கு அவர் குரல் கேட்டது. முடியாதுங்க, என்றார். இல்லைங்க, உடம்பெல்லாம் நல்லா இருக்கு. வீட்டில் ஒரு வேலை இருக்கிறது என்றார். மேற்பார்வையாளர் என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டும். வெளியே தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு, கற்றுக்கொள்ள வேண்டிய வேலை, நாளாகும் என்றார்.

இந்தக் கதையை வாசித்த உங்களிடம் கேட்பது ஒன்றுதான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டிருக்கிற ஒருத்தி உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருப்பாள். அக்காவோ, அண்ணியோ, கூட வேலை பார்க்கிறவளோ. அவளை உட்கார வைத்துக் கேள்வி கேட்காதீர்கள், புத்திமதியும் வேண்டாம். பஞ்சுவின் கதையை மட்டும் சொல்லிவிட்டு, உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள்.